வன்னியில் சிறுவர் இணையப் பாதுகாப்புக் கல்வி

சிறுவர் இணையப் பாதுகாப்புக் கல்வி என்பது, 18 வயதுக்குட்பட்டோர் இணையத்தில் தம்மையும் பிறரையும் காத்து நடக்கப் பழக்குவதாகும். கடவுச்சொல்லைக் காப்பது, முன்பின் தெரியாதவரின் நட்பழைப்பை மறுப்பது, வதந்தியை இனங்காண்பது, இன்னொருவரின் படத்தைக் கேளாமல் பகிராதிருப்பது எல்லாம் இதில் அடங்கும். இலங்கையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் போன் மிகக் குறுகிய காலத்தில் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தக் கற்பிக்கும் ஏற்பாடு அதே வேகத்தில் வரவில்லை.

பின்னணி

2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடியும்வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கைத்தொலைபேசிச் சேவை எட்டவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியதே 2012 செப்டெம்பரில்தான். மீளக் குடியேறிய வீடுகளில் போன், கனடாவிலும் சுவிசிலும் இருந்த உறவுகளோடு பேசுவதற்கான பொருளாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது பிள்ளையின் புத்தகமாயிற்று. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களில் பாடக்குறிப்புகளை அனுப்பினார்கள்; பிள்ளைகள் கொப்பியைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பாடசாலைகள் மீண்டும் திறந்தபின்னும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்தில் விருப்பத் தெரிவுப் பாடம். அதை எடுக்காத பிள்ளை இணையத்தைப் பற்றிக் கற்பது பெரும்பாலும் நண்பர்களிடமிருந்துதான்.

வீட்டு நிலையையும் கருத்திற் கொள்ளவேண்டும். தந்தையைப் போரில் இழந்த வீடுகள், தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குப் போன வீடுகள், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் வன்னியில் நிறைய. இப்படியான பல வீடுகளில் போனை நன்றாக இயக்கத் தெரிந்த ஒரே ஆள் பிள்ளைதான். மாமாவின் வீடியோ அழைப்பை அம்மம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பதும், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளையே. பெற்றோர் தம் போனிலிருந்து பிள்ளையின் போனைக் கட்டுப்படுத்தலாம் என்று கையேடுகள் சொல்லும் வழி இவ்வகை வீடுகளுக்குப் பொருந்தாது.

ஆபத்து வரும் வழி

வகுப்பு வட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்வோம். குழுவில் சேர்ந்த எல்லாருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளின் குழு என்றால், போனைப் பகிரும் அண்ணன்மார், மச்சான்மார் எனக் கூடுதலானோர் அந்த எண்களைப் பார்க்கிறார்கள். முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டவும், தெரியாதவர் குழுக்களில் சேர்ப்பதைத் தடுக்கவும் அந்தச் செயலியிலேயே வழியுண்டு. இரண்டையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது ஆறு இலக்க எண். வகுப்புத் தோழியின் கணக்கிலிருந்து, “உனக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்படி” என்று செய்தி வரும். தோழியின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அந்த எண்ணை அனுப்பினால் இந்தப் பிள்ளையின் கணக்கும் போய்விடும். தோழிக்குக் குரல் அழைப்பு எடுத்துக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

மிகக் கொடியது மிரட்டல். தன் வயதுப் பிள்ளை போலப் பழகும் ஒருவர் அன்பாகப் பேசி ஒரு படத்தை வாங்குவார். பிறகு அதைப் பாடசாலைக் குழுவில் போடுவேன் என்று பயமுறுத்தி இன்னும் படங்களையோ காசையோ கேட்பார். வீட்டில் தெரிந்தால் அடி விழும், போன் பறிக்கப்படும், படிப்பு நிற்கும், ஊர் பழிக்கும் என்ற பயத்தில்தான் பிள்ளை வாய் திறக்காது. அந்தப் பயமே மிரட்டுபவரின் முழுப் பலம்.

கற்பிக்கும் முறை

இதைக் கற்பிக்க வன்னியில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. மீள்குடியேற்றத்தின்போது பாடசாலைகளிலும் ஊர்களிலும் மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, உடனே பெரியவரிடம் சொல் என்பதே அதன் சாரம். படங்களோடும் நாடகங்களோடும் அது சின்னப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. காட்டுக்குள் வெடிபொருளைக் கண்டதாக ஓடிவந்து சொன்ன பிள்ளையை “நீ ஏன் அங்கே போனாய்” என்று அடிப்பதைவிட, அந்த இடத்துக்கு அடையாளம் வைத்து ஆட்களை அழைப்பதே முக்கியம் என்று பெரியவர்களும் அப்போது கற்றுக்கொண்டார்கள். இணையத்துக்கும் பெரியவர்களிடம் அதே பழக்கம் தேவை. பிள்ளைக்கு நூறு விதிகள் சொல்வதைவிட, “எது நடந்தாலும் என்னிடம் சொல், நான் அடிக்கமாட்டேன்” என்று ஒரு பெரியவர் சொல்லி, சொன்னபடி நடப்பது பயன் தரும். அம்மம்மாவுக்கு வட்ஸ்அப் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை சொல்வதைக் கேட்க அவருக்குத் தெரியும்.

2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைக் குழு வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரை, சிறுவர் உரிமைகள் இணையத்திலும் செல்லும் என்றும், பாதுகாப்போடு தகவல் பெறும் உரிமையும் அவர்களுக்குண்டு என்றும் கூறுகிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு எதிரான அவுஸ்திரேலியாவின் சட்டம் 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாடமே போனில் வரும் வன்னியில், தடை என்ற பெயரில் போனையே பறிப்பது பிள்ளையின் கல்வியையும் சேர்த்தே பறிக்கும்.

சட்டம்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு 1995இல் சேர்க்கப்பட்டது. சிறுவரின் ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம் என்பதோடு, கழுவக் கொடுத்த பிலிமில் அப்படியொரு படத்தைக் கண்ட ஸ்டூடியோக்காரர் உடனே பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. 2006இல் வந்த 286ஆ, கணினிச் சேவை வழங்குவோருக்கும் அதுபோன்ற கடமையை விதித்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பிறர் கணக்குக்குள் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய ஏற்பாடு இருந்தாலும், கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடகத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் அச்சட்டத்தைக் கண்டித்தனர்.

உதவி

மிரட்டல் வந்தால் காசு கொடுக்கக் கூடாது. உரையாடலை அழிக்கவும் கூடாது. மிரட்டியவரின் எண், கணக்கின் பெயர், திகதி ஆகியவற்றைத் திரைப்பிடியாக எடுத்து வைக்கவேண்டும். பிள்ளையின் படத்தை மட்டும், ஆதாரம் காட்டுவதற்காகவேனும், உறவினருக்கு அனுப்பக் கூடாது, அதுவும் பரப்புதலே. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. படம் போனைவிட்டு வெளியேறாது. அதிலிருந்து கணித்தெடுத்த அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதைக்கொண்டு பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்கள் அதே படத்தை இனங்கண்டு நீக்குகின்றன.

பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும், பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவும் உள்ளன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. இந்த இலவச எண்ணில் 24 மணி நேரமும் முறையிடலாம். பிள்ளையே அழைக்கலாம். அந்த நான்கு இலக்கங்களைப் பிள்ளையின் கொப்பி உறையில் இன்றே எழுதிக் கொடுங்கள்.