கேளாத செவிகளும் கேட்கப்படாத கேள்வியும்

துறைமுகத்தில் கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கைத் தூக்கும் வேளையில், கிரேனை இயக்குபவருக்குக் கட்டளையிடுவது குரல் அன்று, கை. எந்திரங்களின் இரைச்சலில் குரல் எடுபடாது. ஆகவே, தளத்தில் நிற்கும் தொழிலாளி கையை உயர்த்தியும் தாழ்த்தியும் சைகை காட்ட, மேலே இருப்பவர் அதைப் பார்த்து இயக்குகிறார். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. செவி உதவாத இடத்தில் கை மொழியாகிறது என்பதை உழைப்பாளி உணர்ந்திருக்கிறார். ஆனால், பிறவியிலேயே செவி உதவாத குழந்தைக்கு அதே கையை மொழியாக ஏற்றுக்கொள்ளக் கற்றவர் உலகம் நெடுங்காலம் தயங்கியது. இத்தயக்கத்தின் கதை, கடல் கடந்து சென்று அக்குழந்தைகளுக்குப் பணியாற்றிய நல்லுள்ளங்களின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல் செவிவழி பெறும் கல்வியைக் குறிக்கும். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அறிவு வளர்ச்சிக்குப் புலன்களுள் செவியே பெரிதும் துணைபுரிவது எனக் கருதினார். செவியின் சிறப்பைப் போற்றிய இத்தகைய எண்ணம், செவியில்லாதவன் கல்விக்கு உரியவன் அல்லன் என்ற முடிவுக்குப் பலரைக் கொண்டு சேர்த்தது. அம்முடிவைச் செயலால் மறுத்தவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் ஸ்பெயின் நாட்டு பெனடிக்ட் சபைத் துறவி பேத்ரோ போன்சே தே லெயோன். 16-ஆம் நூற்றாண்டில், ஓஞா மடத்தில், உயர்குடிப் பிள்ளைகளான காது கேளாத சிறுவர்களுக்கு அவர் எழுத்தும் பேச்சும் கற்பித்தார்.

எளியோரின் பிள்ளைகளுக்கும் அக்கதவைத் திறந்தவர் பாரீசு நகரத்துக் குரு ஷார்ல் மிஷேல் தெ லெப்பே (1712–1789). காது கேளாத இரட்டைச் சகோதரியர் இருவருக்கு மறைக்கல்வி தந்துவந்த குரு இறந்துபோக, அவர்களைக் கற்பிப்பார் இல்லாத நிலை கண்டு அவர் இரங்கினார். அச்சகோதரியர் தங்களுக்குள் கையால் உரையாடுவதைக் கண்ட அவர், அந்தக் கைமொழியையே கல்வியின் வழியாக்கினார். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தொடங்கிய பள்ளி, செல்வர்க்கும் ஏழைக்கும் பொதுவாக இருந்தது. பிரெஞ்சு இலக்கணத்திற்கு ஏற்பச் சைகைகளைப் புதிதாகப் புனைந்து சேர்த்தது அவர் முறையின் குறையே. ஆயினும், மாணவரிடமிருந்து முதலில் கற்ற ஆசிரியர் என்ற பெருமை அவரைச் சாரும்.

அப்பாரீசுப் பள்ளியிலிருந்து உலக வரலாற்றை மாற்றிய ஒரு கடற்பயணம் புறப்பட்டது. அமெரிக்கக் குரு தாமஸ் கேலடெட், அப்பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த லொரான் கிளேர் என்பவரைத் தம் நாட்டிற்கு அழைத்தார். கிளேர் காது கேளாதவர். 1816-இல் கப்பலேறிய இருவரும் 52 நாள்கள் கடலில் இருந்தனர். அந்நாள்களில் கிளேர் ஆங்கிலம் கற்றார். கேலடெட் சைகை மொழி கற்றார். 1817-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அவர்களுடைய பள்ளி திறக்கப்பட்டது. அயல்நாட்டிற்குச் சென்று காது கேளாத குழந்தைகளுக்குப் பணியாற்றுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பயணம் அது. கரை சேரும் முன்பே இருவரும் ஒருவர்க்கொருவர் மாணவராயினர்.

ஆனால், 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியபோது காற்று திசை மாறியது. வாய்மொழிப் பயிற்சியே சிறந்தது, சைகையைக் கைவிட வேண்டும் என்று அம்மாநாடு பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தது. அதற்குத் தலைமை தாங்கியவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. மிலான் பள்ளியின் தலைவர் ஜூலியோ தார்ரா. தெ லெப்பே திறந்த கதவை, அவரைப் போன்றே திருநிலை பெற்ற ஒருவர் மூடினார் என்பது நாம் மறைக்கக் கூடாத உண்மை. அவையில் இருந்தவர் ஏறத்தாழ அனைவரும் செவியுடையோர். யாருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுக்கப்பட்டதோ, அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

இந்தியாவில் இத்துறையில் பள்ளிகள் தோன்றியது இம்முடிவின் நிழலில்தான். 1880-களின் நடுப்பகுதியில் பம்பாய்க் கத்தோலிக்க ஆயர் லியோ மொய்ரின் முயற்சியால் நாட்டின் முதல் பள்ளி அமைந்தது. 1893-இல் கல்கத்தாவில் மற்றொன்று எழுந்தது. தமிழகத்தில் இப்பணிக்கு வித்திட்டவர் இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார். பாளையங்கோட்டையில் 1895-இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் சென்னையில் அருட்சகோதரியர் நடத்தும் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளியும், 1960-களில் அடையாற்றில் புனித கபிரியேல் சபையின் மான்ட்ஃபோர்ட் அருட்சகோதரர்கள் நிறுவிய புனித லூயிஸ் பள்ளியும் இவ்வழியில் வந்தன. எண்ணூரிலிருந்து அடையாற்றுக்குச் செல்ல நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர வேண்டும். எனினும், கற்க வழியுண்டு என்பதே எத்தனையோ வடசென்னைப் பெற்றோர்க்குப் பெரும் செய்தியாயிற்று.

இப்பணியாளர்களின் தியாகத்தை எவரும் குறைத்துரைக்க இயலாது. ஊமை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையை மனிதன் என்று முதலில் மதித்தவர்கள் அவர்கள். ஆயினும், வாய்மொழி ஒன்றையே பற்றி நின்ற முறை எத்தகைய சுமையைப் பிள்ளையின் மேல் ஏற்றியது என்பதையும் நாம் எண்ண வேண்டும். ‘பாலை’ என்று சொல்லும்போதும் ‘மாலை’ என்று சொல்லும்போதும் உதடுகள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன. ‘பாடம்’, ‘மாடம்’ என்பனவும் அப்படியே. உதட்டை மட்டுமே பார்த்து நிற்கும் பிள்ளை இவற்றை எவ்வாறு பிரித்தறியும்? பொருள் விளங்கும் முன் ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் மந்தன் என்ற பெயர் வந்து சேர்ந்தது. மறுபுறம், மிக இளம் வயதிலேயே குறை கண்டறியப்பட்டு, செவிக்கருவியும் பெற்றோரின் இடைவிடாப் பயிற்சியும் வாய்த்த குழந்தைகள் பலர் பேசவும் கற்றனர். 1969-இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா அதற்குச் சான்று. எனவே குற்றம் பேச்சுப் பயிற்சியில் இல்லை. அதுவே ஒரே வழி என்று விதித்ததில் இருக்கிறது.

வகுப்பறையில் அடக்கப்பட்ட கைகள் விடுதி முற்றத்தில் ஓயவில்லை. காது கேளாதோர் கூடும் இடங்களிலெல்லாம் அம்மொழி வளர்ந்தது. 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, சைகை மொழி தனக்கென அமைப்புடைய முழுமொழி என்று நிறுவினார். 1970-களில் மதன் வசிஷ்டா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்திய நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தனர். மதன் வசிஷ்டா தாமே காது கேளாதவர். நம் நாட்டவர் கைகளிலும் தனக்கே உரிய மொழியொன்று வாழ்கிறது என்பது அவ்வாய்வுகளால் புலனாயிற்று.

நீதி மெல்லவே வந்தது. மிலான் முடிவுக்கு 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் வான்கூவரில் கூடிய பன்னாட்டு மாநாடு அம்முடிவுகளை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 2015-இல் புது தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்பு என்பதன் பொருளில் சைகை மொழியையும் அடக்கியது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியத் திருச்சபையில் காது கேளாத முதல் குரு அவரே. ஒரு காலத்தில் மறைக்கல்விக்கே தகுதியற்றவராகக் கருதப்பட்ட மக்களிடமிருந்து பீடத்தருகே ஒருவர் எழுந்து கைகளால் நற்செய்தி கூறுகிறார்.

மாற்கு நற்செய்தியில் இயேசு காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். தம் விரல்களை அவர் காதுகளில் இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். வாய்ச்சொல் அதன்பின்னரே வருகிறது. அம்மனிதருக்கு விளங்கும் மொழியில் ஆண்டவர் முதலில் பேசினார் என்று அதனை நாம் பொருள் கொள்ளலாகாதா?

இன்றும் நம் பங்குகளின் இளையோர் சிலர் இத்தகைய பள்ளிகளில், உள்நாட்டிலோ அயல்நாட்டிலோ, சில திங்கள் தன்னார்வப் பணியாற்ற விழைகின்றனர். அவ்விருப்பம் வாழ்க. ஆனால், பெட்டியைக் கட்டும் முன் கிளேரும் கேலடெட்டும் கப்பலில் கழித்த 52 நாள்களை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அங்குள்ள பிள்ளைகளின் மொழியைக் கற்கத் தொடங்கிய பின்னரே கற்பிக்கத் தொடங்கட்டும். கேள்வி என்பதற்குத் தமிழில் வினவுதல் என்ற பொருளும் உண்டு. செவியால் பெறும் கேள்வி அக்குழந்தைக்கு இல்லாமற்போகலாம். உனக்கு என்ன வேண்டும் என்று அக்குழந்தையிடம் கேட்கும் கேள்வி நம்மிடம் இல்லாமற்போதல் தகாது.