கறுத்தக் கொழும்பான்

மாமரத்தின் பூர்வீகம் பாரதத்தின் வடகிழக்கும் பர்மாவும் சார்ந்த காடுகளே என்பர் தாவர சாஸ்திரிகள். தமிழும் மலையாளமும் வழங்கிய மாங்காய் என்னும் சொல்லோ, போர்த்துக்கேயர் நாவேறிக் கடல் கடந்து ஐரோப்பிய பாஷைகளிற் குடிபுகுந்தது.

அப்போர்த்துக்கேயர் 1619 இல் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்த யாழ்ப்பாணத்திலே, வற்றாத நதியொன்றும் இல்லாத சுண்ணக்கல் நிலத்தில், கிணற்று நீரையும் செம்மண்ணையும் நம்பி வளர்ந்த மாவினங்களுள், அம்பலவி, விளாட், செம்பாட்டான் முதலியவற்றையெல்லாம் விஞ்சிய கீர்த்தி கறுத்தக் கொழும்பானுக்கே உரியது. கனிந்த பின்னும் பெரிதும் கரும்பச்சை மாறாத அதன் தோல் கண்ணை ஏமாற்றினும், பரிமளம் மூக்கை ஏமாற்றுவதில்லை. வைக்கோலில் அடுக்கிப் பழுக்கவைத்ததை அறுத்தால், நாரருகிய செம்மஞ்சட் சதை தேனென இனிக்கும்.

பழத்துக்காகக் கோபித்துக் குன்றேறிய குமரனுக்கு நல்லூரிலே மாம்பழத் திருவிழா எடுக்கும் ஊரார், தம் கனியிடத்து இத்துணை அபிமானம் கொள்வதில் வியப்பில்லை.