பங்கே அலகாக: புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்க வரலாறு (1833–1861)

ஆய்வுச்சுருக்கம்

பாரிசில் 1833இல் மாணவர் சிலர் தொடங்கிய அன்புப்பணிக் குழு, பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் சபையாகப் பல நாடுகளின் பங்குகளில் வேரூன்றியது. நண்பர் வட்டமாக இருந்த அக்குழு 1835இல் பங்குவாரியாகப் பிரிக்கப்பட்டமையே அதன் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பங்கு, பொதுநிலையினர், அன்புப்பணி, ஓசானாம், ரோசாலி ரெந்து.

முன்னுரை

தமிழகக் கத்தோலிக்கர்க்கு வின்சென்ட் தே பவுல் சபை அறிமுகமானது. ஒரு பங்கைச் சேர்ந்த பொதுநிலையினர் குறித்த நாளில் கூடிச் செபித்து, ஏழைக் குடும்பங்களை வீடுதேடிச் சென்று உதவுவர். அவ்வாறு கூடும் கிளைக்குக் ‘கான்பரன்ஸ்’ என்று பெயர். பக்த சபைகளுக்குரிய பெயர் மரபில் இச்சொல் அடங்குவதன்று. அது விவாத மேடையிலிருந்து வந்தது.

விவாதத்திலிருந்து பணிக்கு

1830ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாரிசில் திருச்சபைக்கு எதிரான உணர்வு மேலோங்கியிருந்தது. 1831 பிப்ரவரியில் பேராயர் மாளிகையே சூறையாடப்பட்டது. அவ்வாண்டில் லியோன் நகரிலிருந்து சட்டம் பயில வந்த பிரெடரிக் ஓசானாம், இதழாசிரியர் எம்மானுவேல் பாயியின் ஆதரவில் நடைபெற்ற வரலாற்று விவாத அரங்கில் பங்கேற்றார். சமய நம்பிக்கையுடையோரும் சேன் சிமோன் கொள்கையினரும் அங்கே வாதிட்டனர். கிறித்தவம் முன்பு செய்த நன்மைகளை ஓசானாமும் நண்பர்களும் எடுத்துக்காட்டியபோது, இன்று அது செய்வது என்ன என்னும் வினா எதிர்த்தரப்பிலிருந்து எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வாந்திபேதி பாரிசில் 18,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், அவ்வினாவின் கூர்மை விளங்கும்.

1833 ஏப்ரல் 23 அன்று மாணவர் அறுவரும் பாயியும் கூடி அன்புப்பணிக் குழுவைத் தொடங்கினர். அன்று ஓசானாமுக்கு 20 வயது நிறைந்தது. பாயி தலைவரானார், பொருளாளராகிய தெவோ தம் தொப்பியை நீட்டிக் காணிக்கை திரட்டினார். விவாத அரங்கின் பெயராகிய ‘கான்பரன்ஸ்’ புதிய குழுவிற்கும் நிலைத்தது.

ஏழைகளை அணுகும் முறையை அவ்விளைஞர்கள் அறிந்திருக்கவில்லை. மூஃப்தார் பகுதியில் பல்லாண்டுகளாகப் பணியாற்றிய பிறரன்புப் புதல்வியர் சபையின் அருள்சகோதரி ரோசாலி ரெந்துவை அவர்கள் நாடினர். சந்திக்கவேண்டிய குடும்பங்களை அவரே காட்டினார். தொடக்கத்தில் கொடுப்பதற்குரிய உதவிச் சீட்டுகளையும் அவரே தந்தார். ஏழையைத் தம்மிடம் வரவழைக்காமல், அவர் இருப்பிடத்திற்கே சென்று அமர்ந்து பேசுவது இச்சபையின் அடிப்படைப் பணியாயிற்று. ஆடவர் சபை ஒன்றின் செயல்முறை ஒரு பெண்ணிடமிருந்து கற்றதாகும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எனினும் பெண்கள் நெடுங்காலம் இதில் உறுப்பினராக இயலவில்லை. 1856இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் பெண்களுக்கென இணையான சபை தனியே தோன்றியது. 1967ஆம் ஆண்டு விதித்தொகுப்பே பொதுச் சபையின் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. ரோசாலியின் பங்களிப்பை வெறும் வழிகாட்டல் என்று ஒரு வரியில் கடந்துசெல்வது பொருந்தாது.

பிரிவினை விவாதம்

தொடக்க உறுப்பினர்கள் நண்பர்கள். எட்டாவதாக ஒருவரைச் சேர்ப்பதற்கே தயக்கம் இருந்தது. ஆனால் 1834 இறுதிக்குள் உறுப்பினர் தொகை நூறைக் கடந்தது. ஓர் அறையில் அத்தனை பேர் கூடி, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் கேட்டு முடிவெடுப்பது அரிதாயிற்று. குழுவைப் பிரிக்கவேண்டும் என்று ஓசானாம் முன்மொழிந்தார். டிசம்பர்க் கூட்டங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஊரைவிட்டு வந்து தனித்திருந்த மாணவர்க்கு அக்கூட்டமே உறவாக இருந்தது. பிரிந்தால் நட்பும், நட்போடு பக்தியும் தளரும் என அஞ்சினர். அவ்வச்சம் அற்பமானதன்று. உறுப்பினர்தம் நம்பிக்கையைக் காப்பதும் இக்குழுவின் தொடக்க நோக்கங்களுள் ஒன்றே. உறுப்பினரின் ஆன்ம நலனா, ஏழைக்கு அருகில் இருத்தலா என்பதே உண்மையான சிக்கல்.

1835 தொடக்கத்தில் பிரிவு நடந்தேறியது. சேன் எத்தியேன் துய் மோன், சேன் சுல்பீஸ் ஆகிய பங்குகளையொட்டித் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. விரைவில் வேறு இரு பங்குகளிலும் தோன்றின. இதன் விளைவாக, யார் யாருக்கு நண்பர் என்பதற்கு மாறாக, எந்த ஏழை எந்தப் பங்கின் எல்லைக்குள் வாழ்கிறார் என்பது அளவுகோலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான விதித்தொகுப்பிற்குப் பாயி முன்னுரை எழுத, விதிகளை லாலியே வகுத்தார். தொடக்கச் செபம், ஆன்ம வாசகம், முந்தைய கூட்டக் குறிப்பு, குடும்பங்களின் நிலைபற்றிய உரையாடல், சீட்டுப் பங்கீடு, யார் எவ்வளவு இட்டார் என்று பிறர் அறியாத இரகசியக் காணிக்கை, நிறைவுச் செபம் என்பதே கூட்டத்தின் ஒழுங்கு. செல்வரும் எளியரும் ஒரே பையில் கையிடும் இவ்வழக்கம், உறுப்பினரிடையே கொடையால் உயர்வுதாழ்வு தோன்றாமல் காத்தது எனலாம். அரசியல் பேச்சிற்குக் கூட்டத்தில் இடமில்லை.

இவ்விலக்கே பின்னாளில் திறனாய்வுக்கு உள்ளாயிற்று. வறுமையின் காரணத்தை வினவாமல் ரொட்டியும் விறகும் வழங்குவது சமூக அமைப்பை அப்படியே காக்கும் என்பது அத்திறனாய்வு. சபையைப் பொறுத்தமட்டில் இதில் உண்மை உண்டு. ஓசானாமைப் பொறுத்தமட்டில் இது முழுமையன்று. காலத்தின் சிக்கல் ஆட்சிமுறை பற்றியதன்று, உடையோர்க்கும் இல்லோர்க்கும் இடையிலான மோதலே என்பதை 1836இல் லாலியேக்கு எழுதிய மடலில் அவர் சுட்டினார். 1848இல் லக்கோர்தேருடன் இணைந்து ‘லேர் நுவெல்’ இதழில் எழுதினார். சபைக்குள் விலக்கிய அரசியலை அவர் சபைக்கு வெளியே பேசினார் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

1861ஆம் ஆண்டுச் சோதனை

இத்தாலியப் போருக்குப் பின், திருத்தந்தையின் ஆட்சிப்பகுதிகள் தொடர்பாக மூன்றாம் நெப்போலியனுக்கும் கத்தோலிக்கர்க்கும் இடையே பிளவு முற்றியது. நாடெங்கும் கிளைகளும் பாரிசில் பொதுமன்றமும் உடைய ஓர் அமைப்பை அரசு ஐயத்துடன் நோக்கியது. 1861 அக்டோபர் 16 அன்று உள்துறை அமைச்சர் பெர்சிஞ்யி சுற்றறிக்கை விடுத்து, அறச்சங்கங்கள் அரசின் ஒப்புதல் பெறவேண்டும் என்றார். பிரீமேசன் அமைப்பையும் இச்சபையையும் அவர் ஒரே வரிசையில் வைத்தது கத்தோலிக்கரைப் புண்படுத்தியது. மையக்குழு வேண்டுமாயின் அதன் தலைவரைப் பேரரசரே நியமிப்பார் என்பது அரசின் நிலைப்பாடு. கிளைகளின் கருத்துக் கேட்கப்பட்டபோது, நியமனத் தலைவரைவிட மையமே இல்லாதிருத்தல் மேல் எனப் பெரும்பான்மையின முடிவு செய்தன. பொதுமன்றம் கலைந்தது. 1848 கிளர்ச்சியில் காலில் காயமுற்ற அதோல்ப் போதோன் அப்போது சபையின் தலைவர்.

தலைமை கலைந்தும் சபை அழியவில்லை. 1834 டிசம்பரில் பிரிவை எதிர்த்தோர் அஞ்சிய சிதறலே இப்போது அரணாயிற்று. பங்குக் கிளைக்குத் தேவையானவை ஓர் அறை, ஒரு காணிக்கைப் பை, சந்திக்கச் சில குடும்பங்கள், அவ்வளவே. இவற்றுள் எதுவும் பாரிசிலிருந்து வரவேண்டியதன்று. பேரரசு 1870இல் வீழ்ந்தது. பொதுமன்றம் மீண்டும் இயங்கியபோதும் போதோனே 1886 வரை அதன் தலைவராக இருந்தார்.