இக்போ மொழி: யாரிடமிருந்து, யாருக்காகக் காப்பது?

நைஜீரியாவின் தென்கிழக்கில் ஒரு வீட்டிற்கு விருந்தினர் வந்தால் முதலில் நீட்டப்படுவது கோலா கொட்டை. இக்போ மக்கள் அதனை 'ஓஜி' என்பர். வீட்டின் மூத்த ஆண் அதனைக் கையிலேந்தி, முன்னோரை அழைத்து வேண்டிக்கொண்ட பிறகே அது உடைத்துப் பகிரப்படும். வந்தவர் வழக்கறிஞராயினும், இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பேராசிரியராயினும், அவ்வேண்டுதல் இக்போ மொழியிலேயே ஒலிக்க வேண்டும் என்பது மரபு. ஓஜிக்கு ஆங்கிலம் கேட்காது என்பது அம்மக்களிடையே வழங்கும் சொல். பள்ளி, நீதிமன்றம், சட்டமன்றம், அலுவலகம் என ஒவ்வோர் இடமாக ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த ஓரிடம் தாய்மொழிக்கென எஞ்சியிருக்கிறது. அவ்விடத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

இக்போ அழியும் நிலையிலுள்ள மொழியா? அபியா, அனம்ப்ரா, எபோன்யி, எனுகு, இமோ ஆகிய 5 மாநிலங்களிலும், டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலுமாக 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர். ஹவுசா, யொருபா ஆகியவற்றுடன் நைஜீரியாவின் மூன்று பெருமொழிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 2025ஆம் ஆண்டுக்குள் இக்போ அழிந்துவிடும் என்றொரு கணிப்பு யுனெஸ்கோவின் பெயரால் பல ஆண்டுகள் மேடைதோறும் முழங்கப்பட்டது. அந்த ஆண்டு வந்து போயிற்று, மொழி இருக்கிறது. ஆயினும் அச்சம் பொய்யன்று. மொழியின் நலத்தை அறியப் பேசுவோரின் தொகையைப் பார்ப்பதைவிட, அடுப்படியில் தாய் தன் பிள்ளையை எந்த மொழியில் அழைக்கிறாள் என்று பார்ப்பதே பொருத்தம். லாகோசிலும் அபுஜாவிலும் மட்டுமல்லாது, இக்போ நிலத்தின் நடுவிலுள்ள எனுகு, ஓவெரி நகரங்களிலும் நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசுகின்றனர். தெருவிலோ பிட்ஜின் ஆங்கிலம் நிற்கிறது. பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியும். அவனால் திருப்பிப் பேச இயலாது.

அப்பெற்றோரை மொழிப்பற்று அற்றவர்கள் என்று ஏசுவது எளிது. நாம் அதனைச் செய்யப் போவதில்லை. பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் தேறாத மாணவருக்குப் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. வேலையும் வெளிநாட்டுப் பயணமும் அவ்வாறே. பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசுவதற்கு அங்கு வைக்கப்பட்டிருக்கும் பெயரே 'வெர்னாகுலர்' என்னும் குற்றப்பெயர். அதற்குத் தண்டம் கட்டியவர்களும் பிரம்படி பட்டவர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டு. அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து பெற்றோராகும்போது தன் பிள்ளைக்கு அதனைத் தவிர்க்க நினைப்பதில் வியப்பில்லை.

அரசின் கொள்கை ஏட்டில் வேறாக இருந்தது. 1977ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்க வகுப்புகளில் தாய்மொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழியாக வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1970இல், கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வாவின் தலைமையில் இஃபே நகரில் ஒரு சோதனை தொடங்கியிருந்தது. ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொருபா மொழியிலேயே பெற்ற பிள்ளைகள், ஆங்கிலவழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை. ஆங்கிலப் பாடத்திலும்கூடச் சிறப்பாகத் தேறினர். கையில் இத்தகைய சான்று இருந்தும் அரசுகள் ஆசிரியர்களையும் பாடநூல்களையும் ஆயத்தம் செய்யவில்லை. 2022 நவம்பரில் நடுவணரசு மீண்டும் ஒரு மொழிக்கொள்கைக்கு ஒப்புதல் அளித்து, முதல் ஆறு ஆண்டுகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வி என்று அறிவித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், கல்வியமைச்சர் துஞ்சி அலௌசா அதனை நீக்கி, மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலமே என்றார். தாய்மொழிவழிக் கல்வியால் பொதுத்தேர்வுகளில் தோல்வி பெருகியது என்பது அவர் கூறிய காரணம். 2022இல் அறிவித்த கொள்கையின்கீழ் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் எந்தப் பொதுத்தேர்வை எழுதியிருக்க முடியும் என்று நாம் கேட்கலாம்.

அரசமைப்புச் சட்டமும் இவ்வாறே. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும், 'போதிய ஏற்பாடுகள் செய்யப்பட்ட பின்' ஹவுசா, இக்போ, யொருபா மொழிகளிலும் நடக்கும் என்கிறது. அந்த 'பின்' இன்னும் வரவில்லை.

ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை மட்டும் பேசி நிறுத்துவது பாதி வரலாறே ஆகும். இக்போவிற்கு உள்ளேயே நீண்ட மொழிப்போர் ஒன்று நடந்தது. 1857இல் சாமுவேல் அஜாயி கிரவுதர் முதல் இக்போ அரிச்சுவடியை வெளியிட்டார். பின்னர் மறைப்பணியாளர் தாமஸ் டென்னிஸ் பல வட்டார வழக்குகளைக் கலந்து 'யூனியன் இக்போ' என்ற ஒன்றை ஆக்கி, 1913இல் விவிலியத்தை அதில் வெளியிட்டார். எந்த ஊரிலும் எவரும் பேசாத மொழி அது. 1929 தொடங்கி எழுத்துமுறைப் பூசல் மூண்டது: அரசும் கத்தோலிக்கரும் புதிய எழுத்துமுறையை ஏற்க, சீர்திருத்தச் சபையினர் பழையதை விட மறுத்தனர். ஒரே மொழியின் பிள்ளைகள் சபைக்கேற்ப இருவேறு முறைகளில் எழுதிப் பழகினர். 1961இல் ஒன்வூ குழு 36 எழுத்துகளைக் கொண்ட முறையை முடிவுசெய்யும் வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் இவ்வாறு வீணாயின. 1933இல் பீட்டா ந்வானாவின் 'ஒமெனுகோ' முதல் இக்போ நாவலாக வெளிவந்திருந்தும் உரைநடை இலக்கியம் விரைந்து வளராததற்கு இப்பூசலும் ஒரு காரணம்.

1949இல் ஃபிரெடெரிக் சிடோசி ஓக்பாலு இக்போ மொழி, பண்பாட்டு வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். கலைச்சொல்லாக்கம், பாடநூல், பொதுத்தரமொழி ஆகியவற்றில் அதன் உழைப்பு பெரிது. எனினும் பொதுத்தர இக்போவை எல்லோரும் ஏற்கவில்லை. 'சிதைவுகள்' என்ற பெயரில் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகர் அறிந்த சினுவா அச்செபே, 1999இல் ஓவெரியில் நிகழ்ந்த ஓடெனிக்போ சொற்பொழிவைத் தம் வட்டார வழக்கிலேயே ஆற்றி, டென்னிசின் மரபையும் அதன் வழிவந்த தரப்படுத்தலையும் சாடினார். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றவர் இக்போ அறிஞர்களுக்குப் பாடம் எடுக்கலாமா என்று எதிர்வினைகள் எழுந்தன. இருதரப்பிலும் நியாயம் உண்டு என்றே கருதுகிறோம். பள்ளிப்பாடத்திற்குப் பொதுத்தரம் தேவை. ஆனால், ஒரு வழக்கு 'மொழி'யாகும்போது மற்றவை 'கொச்சை'யாகின்றன. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போருக்குப் பின், ரிவர்ஸ் மாநிலத்தின் இக்வெரெ மக்களுள் பலர் தாம் இக்போ அல்லர் என்றே அறிவித்தனர். 'உமு' எனத் தொடங்கிய ஊர்ப்பெயர்கள் 'ருமு' ஆயின.

எழுத்தின் இடர்ப்பாடு இன்று விசைப்பலகைக்கு வந்திருக்கிறது. இக்போ ஓசை ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. 'அக்வா' என்னும் ஒரே எழுத்துக்கோவை, ஓசைக்கேற்ப அழுகை, துணி, கட்டில், முட்டை என நான்கு பொருள் தரும். உயிரெழுத்தின் கீழிடும் புள்ளியும் மேலிடும் ஓசைக்குறியும் கைபேசியில் எளிதில் கிடைக்காமையால், இளைஞர் அவற்றை விட்டே எழுதுகின்றனர். 2013இல் கூகுள் மொழிபெயர்ப்பில் இக்போ சேர்ந்தது. 2018இல் பிபிசி இக்போ சேவை தொடங்கியது. பல வட்டார வழக்குகளையும் ஒலிப்பதிவுகளையும் ஏற்கும் 'இக்போ ஏபிஐ' என்னும் திறந்த அகராதியை இளந்தலைமுறையினர் உருவாக்கியுள்ளனர். தரப்படுத்தலுக்கும் வட்டார வழக்குக்கும் இடையிலான பழைய சண்டைக்கு, இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதன் வழியாக அவர்கள் விடை தேடுகின்றனர்.

இனி, ஓஜியிடம் திரும்புவோம். இக்போ சமூகத்தில் 'ஒசு' எனப்படுவோர் முன்னொரு காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். 'டியாலா' எனப்படும் சுதந்திரப் பிறப்பினர் அவர்களுடன் மண உறவு கொள்வதில்லை. மரபு காக்கும் ஊர்களில், டியாலாக்கள் கூடிய சபையில் ஒசு ஒருவர் ஓஜியை உடைத்து வேண்டுதல் சொல்ல இயலாது. பெண்களுக்கும் அவ்வுரிமை இல்லை. ஆங்கிலம் நுழையாத அந்தப் புனித இடத்தில் இவர்களுக்கும் இடமில்லை. மறைப்பணியாளரின் பள்ளிகளுக்கு முதலில் சென்றவர்களுள் ஒசுக்கள் கணிசமாக இருந்தனர். ஊர் மறுத்த மதிப்பை அந்நிய மொழி சிறிதளவேனும் தந்தது. ஆங்கிலத்தை ஏணியாகக் கண்ட ஒடுக்கப்பட்டோரின் வரலாறு நமக்குப் புதிதன்று.

1956இல் கிழக்கு மண்டலச் சட்டமன்றம் ஒசு முறையைச் சட்டத்தால் ஒழித்தது. ஒருவரை அப்பெயரால் அழைப்பதையே குற்றமாக்கியது. சொல் ஒழியவில்லை. திருமணப் பேச்சுக்கு முன் மணமக்களின் குடிவழியை ஊரில் விசாரிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிள்ளைகளுடன் ஆங்கிலமன்றிப் பேசாத லாகோஸ் குடும்பங்களும் அவ்விசாரணைக்குச் சொந்த ஊரின் மூத்தோரிடமே ஆள் அனுப்புகின்றன. அங்கே கேள்வியும் இக்போவில்தான், விடையும் இக்போவில்தான்.