இடது காலின் வேலையை இடது கைக்கு மாற்றுதல்: மோட்டார் சைக்கிளில் கை கியர் பொருத்தும் முறை

கனடாவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். கம்பனி கொடுத்த கியர் லீவரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கட்டையான லீவர் ஒன்றைப் பொருத்தி, அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான். "அண்ணா, கியர் போடுற தூரம் பாதியாக் குறைஞ்சிட்டு" என்று ஒரே சந்தோஷம்.

அந்த வீடியோவைப் பாசிக்குடாவுக்குத் திரும்பும் வீதியோரத்தில் உள்ள என் கராஜில் வைத்துப் பார்த்தேன். அப்போது என் முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளிலும் கியர் லீவர் மாற்றும் வேலைதான். அதன் சொந்தக்காரர் 2006 இறுதியில் வாகரைப் பக்கம் நடந்த செல்லடியில் இடது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். வாகரையில் கருவாடு வாங்கி வாழைச்சேனையில் விற்கிறார். மூட்டைகளோடு பஸ் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் சும்மா நின்றது. "தம்பி, கால் ஒண்டுதான் இல்ல. கை ரெண்டும் இருக்குத்தானே. ஒரு வழி பார்" என்றார்.

அவருக்குச் செய்த வேலையில் நான் விட்ட பிழையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். காலை இழந்தவர்களுக்கும், அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் கராஜ்காரருக்கும் இது பயன்படலாம்.

முதலில் கேட்க வேண்டியது: எந்தக் கால், எந்த இடம்?

மோட்டார் சைக்கிளில் இடது கால் கியர் போடுகிறது, வலது கால் பின் பிரேக்கை அழுத்துகிறது. இடது கை கிளச்சையும், வலது கை அக்ஸிலேற்றரையும் முன் பிரேக்கையும் பிடிக்கின்றன. எந்த உறுப்பு இல்லை என்பதைப் பொறுத்து வேலையும் மாறும்.

வலது கால் இல்லாதவருக்குக் கியரில் கை வைக்கத் தேவையில்லை. பின் பிரேக்கை மட்டும் கைக்குக் கொண்டுவர வேண்டும். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியென்றால், ஸ்கூட்டரில் இருப்பதுபோல ஒரு கேபிளையும் ஒரு லீவரையும் இடது ஹேண்டிலில் பொருத்தி இதைச் செய்யலாம்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்து, செயற்கைக் கால் அணிபவருக்கு முன்னும் பின்னும் அழுத்தும் இரட்டைப் பெடல் பெரும்பாலும் போதும். 1968இல் இந்தியாவில் உருவாக்கப்பட்ட ஜெய்ப்பூர் பாதம் நம்மவர் பலருக்கும் தெரிந்தது. அதுபோன்ற செயற்கைப் பாதத்தால் கீழே அழுத்த முடியும். ஆனால் கணுக்காலை மடித்துப் பெடலை மேலே தூக்க முடியாது. இரட்டைப் பெடலில் தூக்கும் வேலையே இல்லை. முன்னால் அழுத்தினால் ஒரு பக்கம், குதிப் பக்கம் அழுத்தினால் மறுபக்கம். பெடலின் இரு முனைகளையும் சற்று அகலமாக்கி றப்பர் போட்டுக் கொடுத்தால் பாதம் வழுக்காது.

இடது கால் முழங்காலுக்கு மேலே போனவருக்குத்தான் கை கியர் தேவைப்படுகிறது.

ஓட்டோ வாங்க வசதி உள்ளவருக்கு இன்னொரு தகவல். பஜாஜ் ஓட்டோவில் கியரும் கிளச்சும் இடது கையில், பிரேக் பெடல் வலது காலில். ஆகவே இடது கால் இல்லாதவருக்கு அதன் கியரிலோ கிளச்சிலோ எதையும் மாற்றத் தேவையில்லை. கியரே இல்லாத ஸ்கூட்டரும் அப்படித்தான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் இறக்குமதி திரும்பவும் தொடங்கினாலும், கருவாடு விற்பவர் கைக்கு எட்டும் விலையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் வீட்டில் நிற்கும் வண்டியை மாற்றும் கேள்வி வருகிறது.

கை கியர் புதிய விஷயம் அல்ல

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெரிய வண்டிகளில் 1952 வரை கை கியர்தான் இருந்தது. கிளச் காலில் இருந்தது. போலியோவால் கால்கள் செயலிழந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கையாலேயே ஓட்டும்படி மாற்றிய 1936ஆம் ஆண்டு போர்ட் காரை வைத்திருந்தார். இத்தாலிய ஓட்டப் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001 செப்டெம்பரில் ஜேர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். அக்ஸிலேற்றரைக் கைக்கு மாற்றிய பிஎம்டபிள்யூ காரில் 2005இல் அதே ஜேர்மனியில் உலகப் போட்டி ஒன்றில் வென்றார். 2012 லண்டன் பரா ஒலிம்பிக்கில் கையால் மிதிக்கும் சைக்கிளில் தங்கப் பதக்கமும் பெற்றார். வண்டியை ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாம் என்பதற்கு இவை சான்று.

நான் விட்ட பிழை

முதல் தடவை நான் செய்தது மிக எளிது. கியர் பெடலைக் கழற்றிவிட்டு, அந்தப் பல் வெட்டிய தண்டிலேயே ஒரு நீண்ட கம்பியை நேராக மேலே நிறுத்தினேன். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் கைப்பிடி வந்தது. பார்க்க அழகாக இருந்தது.

கராஜ் வாசலிலேயே அவர் விழப் பார்த்தார். காரணம் இப்போது யோசித்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கிளச் இடது கையில். கியரும் இடது கையில். கிளச்சைப் பிடித்தால் கியருக்குக் கை இல்லை. கியரைப் பிடிக்க விட்டால் கிளச் கடித்து வண்டி பாயும். வலது கையால் எட்டிக் கியர் போடப் போனால் அக்ஸிலேற்றரும் முன் பிரேக்கும் கைவிட்டுப் போகும்.

இரண்டாவது பிழையும் இருந்தது. நீண்ட கம்பியின் முழுப் பாரமும் கியர் தண்டில் தொங்கியது. குழியில் விழும்போதெல்லாம் கம்பி ஆடி, கியர் தானாகக் கழன்றது. தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீலும் சில நாளில் கசியத் தொடங்கியது.

சரியாகச் செய்த முறை

இரண்டாம் தடவை கியர் லீவரின் உச்சியிலேயே கிளச் லீவரைப் பொருத்தினேன். ஒரே கையால் கிளச்சை அமுக்கிக்கொண்டே கியரையும் தள்ளலாம். காலால் கிளச் மிதிக்க முடியாதவர்களுக்காகக் கார்களிலும் இப்படிக் கியர் லீவரில் கிளச் வைக்கும் முறை உண்டு. படிமுறை இதுதான்:

1. கியர் பெடலைக் கழற்றுங்கள். தண்டில் எந்தப் பல்லில் இருந்தது என்று சோக்கால் அடையாளம் போடுங்கள். கழற்றிய பெடலை எறிய வேண்டாம்.

2. அதே தண்டில் 6 சென்ரிமீற்றர் நீளமான ஒரு குட்டைக் கையை மேல்நோக்கிப் பூட்டுங்கள். பழைய பெடல் ஒன்றை வெட்டினால் பல் சரியாகப் பொருந்தும்.

3. கை லீவர் தனி அச்சில் ஆட வேண்டும். அந்த அச்சை வண்டியின் சட்டகத்தில் கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள். சட்டகத்தில் வெல்டிங் பிடிக்க வேண்டாம். சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். பிறகு கழற்றவும் முடியாது.

4. லீவரின் அச்சுக்குக் கீழே 6 சென்ரிமீற்றர், மேலே கை பிடிக்கும் இடம் வரை 20 சென்ரிமீற்றர் விட்டேன். கீழ் முனையையும் குட்டைக் கையையும் ஒரு கம்பியால் இணையுங்கள். கம்பியின் இரு முனையிலும் பந்து மூட்டும் லொக் நட்டும் வேண்டும். ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை என்றால் கழற்றாமலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

5. லீவரின் மேல்பகுதிக்கு 22 மில்லிமீற்றர் பைப் எடுங்கள். சாதாரண ஹேண்டிலின் பருமனும் அதுதான். வண்டியின் கிளச் லீவர் அப்படியே அதில் பூட்டுப்படும்.

6. கிளச் கேபிள் லீவரோடு சேர்ந்து ஆடும். எந்தப் பக்கம் ஆடினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு, கூரான வளைவு இல்லாமல் கொண்டுபோங்கள். கிளச் லீவர் நுனியில் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும்.

இந்த அமைப்பில் கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பது, பெடலை முன்பாதத்தால் கீழே அழுத்துவதற்குச் சமன். சில வண்டிகளில் எல்லாக் கியரும் ஒரே பக்கம் விழும். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. உங்கள் வண்டியில் எப்படி என்று பார்த்து, கைப்பிடியில் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள்.

அளவு ஏன் முக்கியம்?

பெடலின் நீளம் 12 சென்ரிமீற்றர், ஒரு கியர் விழத் தண்டு 15 பாகை திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாதம் சுமார் 3 சென்ரிமீற்றர் நகரும். மேலே சொன்ன அளவில் குட்டைக் கையின் நுனி ஒன்றரை சென்ரிமீற்றர் நகரும், கை 5 சென்ரிமீற்றர் நகரும். காலுக்கு 5 கிலோ பலம் தேவைப்பட்ட இடத்தில் கைக்கு 3 கிலோ போதும். தூரம் கூடும்போது பலம் குறைகிறது.

என் தம்பியின் ஸ்போர்ட்ஸ் காரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அச்சுக்கு மேலே உள்ள பகுதியைக் குறைத்து, கீழே உள்ள பகுதியைக் கூட்டியிருக்கிறார்கள். தூரம் குறைந்தது, பலம் கூடியது. அவனுக்கு அது விளையாட்டு. ஒரு நாளில் எத்தனையோ தடவை ஒரே கையால் கிளச்சும் கியரும் பிடிக்கும் ஒருவருக்கு, மாலையில் கை வலிக்குமா இல்லையா என்பதை இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவில் செய்யாதீர்கள். ஆளை வண்டியில் இருத்தி, தோளும் முழங்கையும் இயல்பாக இருக்கும் இடத்தில் கைப்பிடியை வையுங்கள்.

கியரோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

சைட் ஸ்டாண்ட் இடது பக்கம் இருக்கும். இடது கால் இல்லாதவர் நிற்பது வலது காலில். எனவே வலது பக்கம் ஒரு ஸ்டாண்ட் தேவை. செல்ப் ஸ்டார்ட் இல்லாத வண்டியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். செயற்கைக் காலை மிதிகட்டையோடு பட்டியால் கட்டவே கூடாது. வண்டி சரிந்தால் ஆள் அதனடியில் மாட்டிக்கொள்வார். வழுக்காமல் இருக்க மிதிகட்டையின் வெளிப்பக்கம் ஒரு சின்னத் தடுப்பு போதும்.

கியர் மாற்றும் நேரத்தில் ஹேண்டில் ஒரு கையில்தான் இருக்கும். மணல் படிந்த கரையோர வீதியில் இது ஆபத்து. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடப் பழக வேண்டும். நிற்கும் இடத்தில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நியூட்ரலுக்கு வர வேண்டும். அவர் வெறும் மைதானத்தில் இரண்டு வாரம் பழகிய பிறகுதான் வீதிக்கு இறங்கினார். சமநிலை பிடிக்க முடியாதவருக்குப் பின்னால் இரு பக்கமும் துணைச் சக்கரம் தேவை. அதுவும் முடியாதென்றால் மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது. நான் இருவரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஹொண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வகை வண்டிகளில் கிளச் லீவரே இல்லை. பெடலை அழுத்தும்போது கிளச் தானாக விடுபடும். அந்த வகைப் பழைய வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கை லீவர் மட்டும் போதும். வேலையும் பாதி, ஆபத்தும் பாதி.

கடதாசி வேலை

சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் தேவை. அங்கே உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். வண்டியில் கை வைக்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்திருங்கள். அறிவிக்காவிட்டால் விபத்து நடந்த நாளில் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அது இருப்பது தெரிந்து பேசினால் கவுண்டரில் குரல் தடுமாறாது.

உப்புக் காற்று

கடற்கரையில் ஓடும் வண்டிக்கு எதிரி உப்பு. பந்து மூட்டுக்கு வாரம் ஒரு தடவை கிறீஸ். லொக் நட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். கிளச் கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். சாதாரண வண்டியில் கேபிள் அறுந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். இவர்கள் எப்படித் தள்ளுவது? மாற்றுக் கேபிள் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கருவாட்டு அண்ணன் போன வாரமும் கேபிள் மாற்ற வந்தார். சீட்டைத் திறந்தேன். மாற்றுக் கேபிளுக்குப் பக்கத்தில், கழற்றிய கியர் பெடல் ஒயில் துணியில் சுற்றியபடி இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"மகனுக்கு வாற வருசம் பதினெட்டு. அவன் ஓடேக்க இதப் பூட்டித் தா."

பத்து நிமிட வேலைதான். அதற்காகத்தான் சட்டகத்தில் வெல்டிங் பிடிக்க வேண்டாம் என்றேன்.