நடுநிலைப் பள்ளி (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 6 முதல் 8 வரையான வகுப்புகளைக் கொண்ட பள்ளி ஆகும். தமிழகத்தில் இப்பெயர் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளியைக் குறிக்கும்.

ஒகையோ மாநிலத்தின் கொலம்பசு நகரில் 1909இல் தோன்றிய இளநிலை உயர்பள்ளி, காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியின் சிறு நகலாகவே மாறியது. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியரிடம் பயின்ற சிறுவர் இங்கு பாடத்துக்கு ஓர் ஆசிரியரிடம் பயின்றனர். அவர்களை முழுமையாக அறிந்தவர் எவருமிலர். 1963இல் வில்லியம் அலெக்சாந்தர் முன்மொழிந்த நடுநிலைப் பள்ளி இக்குறையைக் களைய முயன்றது.

இதன் உயிர்நாடி ஆசிரியர் குழு ஆகும். மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் ஆசிரியர்கள் ஒரே மாணவர் தொகுதிக்குக் கூட்டாகப் பொறுப்பேற்பர். நால்வருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை உண்டு. கணிதத்தில் பின்தங்கும் மாணவன் பிற பாடங்களிலும் தளர்கிறானா என்பது அப்போதுதான் தெரியவரும். இவ்வேளைக்குக் கூடுதல் ஆசிரியர்கள் தேவை என்பதால், நிதி குறைந்தால் இது எளிதில் வெட்டப்படும். பின்னர் குழு பெயரளவிலேயே எஞ்சும்.