ஐந்நூறு பிரதிகளும் நாற்பதாயிரம் பிரதிகளும்

சில வாரங்களுக்கு முன் நம் துறை மாணவர் சிலர் ஒரு கட்டுத் தாள்களுடன் வந்து நின்றனர். கல்லூரிக்கென ஓர் இசை இதழ் தொடங்கப் போகிறார்களாம். வகுப்பு வகுப்பாகச் சென்று வினாப்பட்டியல் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தனர். எந்த இசையமைப்பாளரைப் பிடிக்கும், இதழுக்கு எவ்வளவு விலை கொடுப்பீர், அட்டைக்கு எந்த நிறம் வேண்டும் என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றையும் கூட்டி, வட்ட வரைபடங்களும் போட்டிருந்தனர். நிறத்தில் சிவப்பு வென்றிருந்தது. அவர்களை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, இது குறித்துத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

இத்தகைய முயற்சிக்குப் பாடத்திட்டமே இருந்தது என்பது நமக்குப் புதுச் செய்தி. இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் 2008-இல் நடைமுறைப்படுத்திய ஊடகவியல் பாடத்தில், பள்ளி இறுதி நிலை மாணவர்கள் புதிய இசை இதழ் ஒன்றின் அட்டை, பொருளடக்கம், எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும் ஒரு கட்டுரை ஆகியவற்றை உருவாக்க வேண்டியிருந்தது. படங்களும் எழுத்தும் அவர்களுடையனவாகவே இருக்க வேண்டியிருந்தது. படங்கள் நான்குக்குக் குறையக் கூடாது என்பது விதியாக இருந்தது. வேலை முடிந்தபின் ஏழு வினாக்களுக்கு விடை எழுத வேண்டியிருந்தது. உன் இதழின் வாசகர் யார் என்பது அவற்றுள் ஒன்று; அவர்களை எப்படி ஈர்த்தாய் என்பது மற்றொன்று. இவ்விரண்டு வினாக்களுக்கு அஞ்சியே மாணவர்கள் முன்கூட்டி வினாப்பட்டியலுடன் கிளம்பினர் போலும்.

அப்படியானால், உண்மையிலேயே மாணவப் பருவத்தில் இசை இதழ் தொடங்கியவர்கள் தம் வாசகரை எப்படி அறிந்தார்கள்? இந்தக் கேள்விதான் நம்மை 1966-க்கு இழுத்துச் சென்றது. அதற்குமுன் இரண்டு செய்திகளைப் பார்த்துவிடுவோம்.

முதலாவது எண்ணிக்கை. லண்டனில் 1952-இல் தொடங்கிய நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் இதழின் விளம்பரப் பொறுப்பாளர் பெர்சி டிக்கின்ஸ், ஏறத்தாழ இருபது இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எந்த இசைத்தட்டுகள் நன்றாக விற்கின்றன என்று கேட்டார். விடைகளைத் தொகுத்து அவ்வாண்டு நவம்பர் 14 இதழில் முதல் பன்னிரண்டு இடங்கள் என்று வெளியிட்டார். சில தட்டுகள் சம இடம் பெற்றதால் அந்தப் பன்னிரண்டில் பதினைந்து தட்டுகள் இருந்தன! பிரித்தானியாவின் தரவரிசைப் பட்டியல் பிறந்தது இப்படித்தான். வாசகர் என்ன வாங்குகிறார் என்பதே இதழின் பொருளாகிவிட்டது.

இரண்டாவது கடிதம். அமெரிக்காவில் பதின்பருவச் சிறுமியருக்கென வெளிவந்த 'சிக்ஸ்டீன்' இதழில் சந்தாப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் குளோரியா ஸ்டேவர்ஸ். விளம்பர அழகியாக இருந்தவர். வந்து குவியும் கடிதங்களைப் படித்துப் படித்தே அச்சிறுமியரின் மனத்தை அறிந்துகொண்டார். 1958 முதல் 1975 வரை அவ்விதழின் ஆசிரியராக இருந்தார். பாடகரிடம் பாட்டைப் பற்றிக் கேட்காமல், பிடித்த நிறம் எது, பிடித்த உணவு எது என்று கேட்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் அவர். அறிவாளிகள் ஏளனம் செய்த இதழ் அது. நாமும் செய்திருப்போம்.

இனி 1966. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பால் வில்லியம்ஸ், வயது 17. கல்லூரி வானொலியில் பாட்டு ஒலிபரப்பியவர். ராக் இசையைப் பற்றித் தாம் படிக்க விரும்பியதை யாரும் எழுதவில்லை என்பது அவருடைய குறை. ஒருபுறம் வணிகர்களுக்கான தாள்கள். மறுபுறம் ஸ்டேவர்ஸ் பாணி இதழ்கள். நண்பருடன் இரவெல்லாம் பேசும் பேச்சுக்கு அச்சில் இடமில்லை. ஆகவே தாமே பத்துப் பக்கத்தில் ஒன்றை எழுதி, ஐந்நூறு பிரதிகளைச் சைக்ளோஸ்டைலில் எடுத்தார். பிப்ரவரி 7, 1966 என்று தேதியிட்ட அவ்விதழின் பெயர் 'கிராடாடி!'. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தொடக்க நாள்களில் வாசித்த, லண்டனை அடுத்த ரிச்மண்டில் இருந்த ஓர் இசை மன்றத்தின் பெயர் அது.

வில்லியம்ஸ் யாரிடமும் வினாப்பட்டியல் கொடுக்கவில்லை. ஆனால் கையில் ஒரு முன்மாதிரி இருந்தது. சிறுவயதிலேயே அறிவியல் புனைகதை ரசிகர்களுக்கான இதழ் நடத்தியவர் அவர். அந்த உலகத்தில் வாசகர் என்ற தனிப்பிரிவே இல்லை எனலாம். ஓர் இதழைப் படிப்பவர் வேறோர் இதழை நடத்துவார். தம் இதழை அனுப்பிப் பிறர் இதழைப் பெறுவார். நீண்ட மறுமொழிக் கடிதம் எழுதுவார். ஸ்டென்சில் வெட்டுவதும் மையுருளை சுற்றுவதும் ஸ்டேப்ளர் அடிப்பதும் வில்லியம்ஸ் அங்கே கற்றவைதாம். முதல் இதழை எடுத்ததும் அத்துறையைச் சேர்ந்த டெட் வைட்டின் புரூக்ளின் இல்லத்து இயந்திரத்தில்தான். நம் சிற்றிதழ் மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் வாசகர் யார் என்று தெருவில் நின்று கேட்கவில்லை. யாருக்கு அது தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கிராடாடியின் வடிவமைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்செழுத்து, நெருக்கமான வரிகள், அவ்வளவுதான். அழகுப் படங்களோ துணுக்குச் செய்திகளோ வெளியிடுவதில்லை, அறிவார்ந்த எழுத்தே தம் சரக்கு என்று முதல் இதழிலேயே அறிவித்துவிட்டார். வறுமையால் வந்த தோற்றம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அத்தோற்றம் வாசகரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, படிக்கத்தான் வேண்டும். படிக்க மனமில்லாதவர் முதல் பக்கத்திலேயே விலகிவிடுவார், எஞ்சுபவர் நம்மவர்.

எஞ்சியவர்கள் யார் என்பதில்தான் சுவை. முதல் இதழில் சைமன் - கார்ஃபங்கல் இருவரின் இசைத்தட்டு ஒன்றுக்கு மதிப்புரை இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பால் சைமனே விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்தார். தம் பாட்டைக் குறித்து ஒருவர் சிந்தித்து எழுதியதைக் கண்ட மகிழ்ச்சி. ஆக, தம்மையொத்த மாணவர்களுக்கென்று எழுதிய தாள், பாடியவரையே வாசகராகக் கொணர்ந்தது. அடுத்து, கேம்பிரிட்ஜ் நகரத்து இசைக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே படித்துவந்த ஜான் லாண்டோ என்னும் மாணவர் எழுத வந்தார். பிற்காலத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மேலாளராகி உலகப் புகழ் பெற்றவர் இவரே. ரிச்சர்ட் மெல்ட்சர், சாண்டி பேர்ல்மன் முதலியோரும் மாணவப் பருவத்தில் வந்தவர்களே. வாசகரைத் தேடிய இதழுக்கு எழுத்தாளர்கள் கிடைத்தனர்.

வில்லியம்ஸ் 1968-இல் இதழைவிட்டு விலகினார். (புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக் மறைந்தபின் அவருடைய இலக்கியச் சொத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றவரும் இதே வில்லியம்ஸ்தான். 2013-இல் காலமானார்.)

இதற்கு எதிர்முனையில் சான் பிரான்சிஸ்கோ. பெர்க்லி பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் நிறுத்திய ஜான் வென்னர், வயது 21, மாணவர் நாளேட்டில் இசைப்பத்தி எழுதியவர். ஜாஸ் விமரிசகர் ரால்ஃப் கிளீசனுக்கு அப்போது ஐம்பது வயது. இருவரும் சேர்ந்து, உறவினரிடமும் நண்பரிடமும் திரட்டிய 7,500 டாலரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழைத் தொடங்கினர். முதல் இதழின் தேதி நவம்பர் 9, 1967. அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடி. அச்சு வேலையை அங்கேயே கொடுத்ததால் வாடகை இல்லை.

வடிவமைப்பில் வென்னர் எடுத்த முடிவே நம்மை நீண்ட நேரம் நிறுத்தியது. அதே நகரத்தில், அதே இளைஞருக்காக, 'ஆரக்கிள்' என்னும் தாள் அப்போது வந்துகொண்டிருந்தது. வானவில் மைகள் ஒன்றோடொன்று கலந்தோட, எழுத்துகள் படத்துக்குள் நெளிந்து வளைந்து, பாதியைப் படிக்கவே இயலாது. அட்டைக்கு எந்த நிறம் வேண்டும் என்று அன்று அந்நகர இளைஞரிடம் கேட்டிருந்தால் எல்லா நிறமும் என்றிருப்பார்கள்! வென்னரோ நேர்மாறாகச் சென்றார். டைம்ஸ் ரோமன் எழுத்து, ஒழுங்கான பத்திகள், பத்திகளுக்கிடையே மெல்லிய கோடுகள், கனத்த கட்டங்கள். தாம் முன்பு வேலை பார்த்த 'ராம்பார்ட்ஸ்' நிறுவனத்தில் டூகால்ட் ஸ்டெர்மர் வகுத்திருந்த பக்க அமைப்பைத் தழுவிக்கொண்டார். தந்தையார் படிக்கும் நாளேட்டின் உடையை மகனுடைய இசைக்கு அணிவித்தார் எனலாம். இதழின் பெயரெழுத்து மட்டும் சுவரொட்டி ஓவியர் ரிக் கிரிஃபின் கைவண்ணம். அதுவும் முழுமை பெறாத வரைவு.

உடைக்கு ஏற்ற உள்ளடக்கமும் இருந்தது. அட்டையில், போர்ப் படம் ஒன்றில் சிப்பாய் வேடத்தில் நடித்த ஜான் லெனன். உள்ளே, 1967 ஜூனில் நடந்த மான்டெரே இசை விழாவின் பணம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கும் மைக்கேல் லைடனின் கட்டுரை. நெளியும் எழுத்தில் அக்கட்டுரையை அச்சிட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்? நீ கேட்கும் பாட்டு செய்திக்குரிய பொருள், அதில் உண்மையும் பொய்யும் உண்டு என்று அந்தப் பக்க அமைப்பு வாசகருக்குச் சொன்னது. பெரிய தாளை மேலும் ஒருமுறை மடித்து, கடையில் வார இதழ் அளவில் நிற்கும்படியும் செய்தனர்.

அச்சிட்டவை 40,000. விற்காமல் திரும்பியவை 34,000.

இந்த எண்ணைக் கண்டபோது, மாணவர்கள் கணக்கெடுத்தது தவறா என்ற ஐயமும் நமக்கு எழுந்தது. ஐந்நூறு அடித்தவருக்கு நட்டம் சிறிது. நாற்பதாயிரம் அடித்தவர் ஒருமுறையேனும் கடைக்காரரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் இதழே வந்திராது என்பதும் உண்மை. இதில் நம்மால் ஒரு பக்கம் சாய இயலவில்லை.

குழப்பத்தை மிகுதியாக்க மூன்றாவது ஒருவர். நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் ஆசிரியராயிருந்த நிக் லோகன், 1978-இல் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' தொடங்கினார். நீண்ட கட்டுரைகளுக்குப் பேர்போன இதழிலிருந்து வந்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று கண்டு அதைக் கொடுத்தார்: பாட்டின் வரிகள், பளபளப்பான தாள், வண்ணப் படம். 1980-களில் பல இலட்சம் பிரதிகள் விற்றன. 2006-இல்தான் அச்சு நின்றது. நமக்கு இதில் புதுமை ஏதுமில்லை. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை மறந்தவர் உண்டோ? பழுப்புத் தாள், பாட்டு வரிகள், பாதிக் கதை, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. ரசிகருக்குப் பாட வேண்டும். பாடச் சொல் வேண்டும். இதைக் கண்டுகொண்டவர் எந்த வட்ட வரைபடமும் போட்டதில்லை. ஸ்டேவர்ஸை ஏளனம் செய்தோமே, அவரும் இந்த வகையினர்தாம். காது கொடுத்துக் கேட்டவர்.

இரண்டு நாள் கழித்து மாணவர்கள் வந்தபோது, அத்தாள்களை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். கட்டமிட்ட கேள்விகளுக்குக் கீழே 'வேறு ஏதேனும்' என்று ஒரு வெற்றுவரி விட்டிருந்தனர். கணக்கில் சேர்க்க இயலாதென்று அதை ஒதுக்கிவிட்டார்களாம். பலர் நிரப்பவில்லை. நிரப்பியவர்களுள் ஒருத்தி, தன் பாட்டி நடவு வயலில் பாடும் பாட்டின் வரிகள் பாதிதான் தெரியும், மீதி யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். இன்னொருவன், நாகசுரம் கற்க விரும்புவதாகவும் வீட்டில் சிரிப்பார்கள் என்பதால் பெயர் எழுதவில்லை என்றும் குறித்திருந்தான். அட்டை நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவ்விருவரையும் கண்டுபிடியுங்கள் என்றோம்.

அந்தப் பெண் மறுநாளே கிடைத்துவிட்டாள். நாகசுரக்காரனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.